ரோதைமுனியிடம் நான் கேட்ட அமைதி

அன்றைக்கு ரோட்டில் யார் யார் இருந்தார்கள் என்பதை முதலில் எழுதிவிடுகிறேன். இப்போது ஆளுக்கொரு விதமாகச் சொல்கிறார்கள். வராதவர்களும் வந்ததாகச் சொல்கிறார்கள்.

நான். பெயர் கணேசன். வீடு மஹய்யாவ. கண்டியில் ஜெனரேட்டர், மெசின் வாடகைக்கு விடுகிற ஒரு ஹாஜியாரிடம் டிரைவர்.

செல்வம். என் மனைவியின் அண்ணன், எனக்கு மச்சான். ஹுன்னஸ்கிரியவுக்கு மேலே ஒரு தோட்டத்தில், கீழ் டிவிசனில் இருக்கிறவர். இவர் சொல்லித்தான் நான் போனேன்.

ராமையா. அந்த டிவிசன் மாரியம்மன் கோயிலின் தலைவர்.

யோகராஜ். கோயிலின் செயலாளர். வயதில் இளையவர். காதில் எப்போதும் போன்.

பூசாரி. அவருக்குப் பெயர் இருக்கிறது, யாரும் சொல்வதில்லை.

ஒரு பெரிய ஜீப். அதன் பின்னால் ரெண்டு சில்லு, அதாவது ரெண்டு சக்கர ட்ரெயிலர். ட்ரெயிலர் மேல் ஜெனரேட்டர்.

ரோட்டுக்கு நேர் கீழே பிள்ளைக்காம்பரா. கொழுந்து எடுக்கப் போகிற தாய்மார் கைப்பிள்ளைகளையும் சின்னப் பிள்ளைகளையும் விட்டுவிட்டுப் போகிற இடம். அங்கே ஆயா லெட்சுமி. பிறகு பிள்ளைகள். எத்தனை பிள்ளைகள் என்று கடைசியில் சொல்கிறேன்.

கோயில் மலருக்கு எழுதித் தரச் சொன்னார்கள். எனக்குப் பேசவே வராது. எழுத்து ஐந்தாம் வகுப்போடு நின்றது. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். அவ்வளவு எரிச்சலும் அவ்வளவு பயமும் ஒன்றாக வந்தது என் வாழ்க்கையில் அந்த ஒரு காலைதான்.

யுத்தம் முடிந்து ரெண்டு மூன்று வருஷம் இருக்கும். தை மாதக் கடைசி, ஒரு வியாழக்கிழமை. மறுநாள் வெள்ளிக்கிழமை அந்தத் தோட்டத்தில் கரகம் பாலிக்கிற நாள், கரகம் சோடித்துக் கோயிலுக்குக் கொண்டுவருகிற நாள். திருவிழா ஆரம்பம். முந்தின வருஷம் மேல் டிவிசன்காரர்கள் பெரிய ஜெனரேட்டர் கொண்டுவந்து, மரத்துக்கு மரம் ஸ்பீக்கர் கட்டி, கீழ் டிவிசன் பூசையில் மணிச் சத்தமே கேட்காதபடி பண்ணிவிட்டார்களாம். இந்த வருஷம் அதைவிடப் பெரியது வேண்டும் என்று தலைவர் நின்றார். ஹாஜியாரிடம் இருந்ததிலேயே பெரியதைக் கேட்டார்கள்.

நம்மூரில் உயரமாக, பெரிதாக எந்த வண்டி வந்தாலும் ஜீப்தான். ஹாஜியாரின் ஜீப் நல்ல பலமானது. அதில் நான் இழுக்காத சாமான் இல்லை. தண்ணீர்த் தாங்கி இழுத்திருக்கிறேன். கொங்கிரீட் மெசின் இழுத்திருக்கிறேன். திகனப் பக்கம் ஒரு ஹோட்டலுக்குப் படகு இழுத்திருக்கிறேன். பார்க்கிறவர்கள் இழுக்கிறதைத்தான் பெரிதாக நினைக்கிறார்கள். இழுக்கிறது ஒன்றுமில்லை. நிறுத்துகிறதுதான் வேலை. பின்னால் எடுக்கிறது அதைவிட வேலை. ஸ்டியரிங்கை வலது பக்கம் திருப்பினால் ட்ரெயிலரின் வால் இடது பக்கம் போகும். இடது பக்கம் திருப்பினால் வலது பக்கம் போகும். இதைச் சொன்னால் ஒருத்தருக்கும் விளங்காது. ஆனால் எல்லாரும் பின்னால் நின்று கை காட்டுவார்கள்.

ட்ரெயிலரை ஜீப்பில் கொளுவும்போதே ஹாஜியார் சொன்னார். "தம்பி, இது ரெண்டு சில்லு. தனிய பிரேக் இல்ல. இழுக்கிறதும் ஜீப்புதான், பிடிக்கிறதும் ஜீப்புதான். ரோடு நல்லமா எண்டு கேட்டியா?"

கேட்டேன். மச்சானுக்குப் போன் எடுத்துக் கேட்டேன். செயலாளரிடம் விசாரித்துச் சொல்கிறேன் என்றார். கொஞ்ச நேரத்தில் அவரே எடுத்தார்.

"சரியாம் மாப்புள்ள. வரச் சொல்லிட்டாரு."

அந்தச் சரியை நம்பித்தான் புறப்பட்டேன்.

திகன, தெல்தெனிய தாண்டி ஹுன்னஸ்கிரிய வரைக்கும் தொந்தரவு இல்லை. மழைதான். அந்த வருஷம் தை முழுக்க விடாமல் பெய்தது. தோட்டத்துக்கு ஏறுகிற முடக்கில் நாலு பேரும் குடை பிடித்துக்கொண்டு நின்றார்கள். தலைவர் முன் சீட்டில் ஏறிக்கொண்டார். மற்றவர்கள் பின்னால். ஏறுவதற்கு முன்னால் பூசாரி ஜீப்பின் நாலு சில்லுக்கும் எலுமிச்சம்பழம் வைத்தார். ட்ரெயிலரின் ரெண்டு சில்லுக்கு வைக்கவில்லை. அதுவும் வண்டிதானே என்று மச்சான் கேட்டார். எஞ்சின் இல்லாதது வண்டியில்லை என்றார் தலைவர். அப்படியானால் மாட்டுவண்டி என்ன என்றார் மச்சான். நல்ல மழையில் நடுரோட்டில் நின்று பேசினார்கள். நான் ஹாரன் அடித்தேன்.

ஏற ஆரம்பித்ததிலிருந்து புத்தி சொல்ல ஆரம்பித்தார்கள். கியரை மாற்றச் சொன்னார் தலைவர். அவருக்கு சைக்கிளும் ஓட்டத் தெரியாது. கரையை விட்டு வரச் சொன்னார் செயலாளர், போனில் ஸ்பீக்கர்காரனோடு பேசிக்கொண்டே. பூசாரி "பாத்து, பாத்து" என்று மட்டும் சொல்லிக்கொண்டு வந்தார். எதைப் பார்க்க வேண்டும் என்று சொல்லவில்லை. நான் பதில் சொல்லவில்லை. சொன்னால் இன்னும் நாலு வரும்.

வழியில் ஸ்டோர் வந்தது. தோட்டத்தில் தேயிலை அரைக்கிற ஆலையை ஸ்டோர் என்றுதான் சொல்வோம். அது மூடிப் பல வருஷம். தகரம் எல்லாம் துரு. ஆனால் வாசலில் ரோதைமுனி இருக்கிறார். ரோதை என்றால் சில்லு. ஆலையின் பெரிய ரோதைக்குக் காவலாக அந்தக் காலத்து ஆட்கள் வைத்துக் கும்பிட்ட சாமி. ஒரு கல், ஒரு சூலம், சிவப்புத் துணி. ரோதை ஓடின நாளில் பக்கத்தில் நிற்கிற ஆள் பேசினாலும் கேட்காதாம். அந்த இரைச்சலுக்குள் இருந்தவர் அவர்.

பூசாரி நிறுத்தச் சொன்னார். தேங்காய் உடைத்துவிட்டுப் போகலாம் என்றார். சில்லு சம்பந்தப்பட்ட காரியம், கேட்காமல் போகக்கூடாது என்றார். எனக்கும் அது நல்லது என்றுதான் பட்டது. தலைவர் நேரத்தைப் பார்த்தார்.

"சரி சரி, எறங்கி வரும்போது பாத்துக்கலாம். நீங்க எடுங்க டிரைவர்."

எடுத்தேன்.

ஸ்டோரைத் தாண்டி ஒரு கூப்பிடு தூரத்தில் ஒரு வளைவு. இடது பக்கம் பள்ளம். பள்ளத்தில், வளைவுக்கு நேர் கீழே, பிள்ளைக்காம்பராவின் தகரக் கூரை. ரோட்டில் நின்று கல்லை உருட்டினால் அந்தக் கூரையில்தான் விழும். வலது பக்கம் மலை. மலையில் பீலி. குழாயில் தண்ணீர் வந்து கல்லில் விழுந்துகொண்டே இருக்கும். அந்த வளைவை ஏறித் திரும்பினேன். திரும்பி ஜீப்பும் ட்ரெயிலரும் நேரானதும் பிரேக்கை மிதித்தேன்.

முன்னால் ரோடு இல்லை.

பாதி ரோட்டை மழை அடித்துக்கொண்டு போயிருந்தது. மீதிப் பாதியில் ஆள் நடக்கலாம். செம்மண் வெடித்து, அந்த வெடிப்பு என் முன் சில்லுக்குப் பக்கத்தில் வந்து நின்றது.

பிறகு செயலாளர் போனைக் காதிலிருந்து எடுத்தார். நேற்றே உடைந்துவிட்டதாம். ஆனால் வருகிறது ஜீப் என்றபடியால் போகும் என்று நினைத்தார்களாம். டிவியில் ஜீப் ஆற்றுக்குள் எல்லாம் இறங்கிப் போகிறதே என்றார்.

ரோடு எப்படி என்று மச்சான் கேட்டாரே, சரி என்றீர்களே என்று கேட்டேன்.

"வண்டி வருதுன்னு சொன்னாரு. சரின்னேன் அண்ணே. ரோடப் பத்தி எங்க கேட்டாரு?"

மச்சான் தலையில் கை வைத்துக்கொண்டார்.

எல்லாரும் இறங்கினார்கள். நான் இறங்க முடியவில்லை. ஹேண்ட் பிரேக் மட்டும் போட்டால் ஜீப் மெல்ல மெல்லப் பின்னால் போனது. ஜெனரேட்டர் பாரம் இழுத்தது. கால் பிரேக்கை அழுத்தியபடியே இருந்தேன். மச்சான் சில்லுக்கு அண்டை கொடுக்கக் கல் கொண்டுவந்தார். கல் சேற்றில் அமிழ்ந்தது. கொளுக்கியைக் கழற்றி ட்ரெயிலரை விட்டுவிட்டு ஜீப்பைக் காப்பாற்றச் சொன்னார் தலைவர். கழற்றினால் ட்ரெயிலர் நிற்காது. நேராகப் பின்னால் இறங்கும். வளைவில் திரும்ப அதற்குத் தெரியாது. நேரே போய் அந்தக் கூரையில் விழும். அதைச் சொன்னேன். அவர் முகம் மாறிவிட்டது. கூரையைப் பார்த்தார். அவருடைய மகள் பிள்ளையும் அங்கேதான் இருந்தது. அது எனக்குப் பிறகுதான் தெரியும்.

வெடிப்பு அகன்றுகொண்டு வந்தது. நிற்க முடியாது. ஸ்டோர் முற்றம் வரைக்கும் பின்னாலேயே எடுக்க வேண்டும். அந்த வளைவைப் பின்னாலேயே இறங்க வேண்டும். வேறு வழி இல்லை.

முதலில் பிள்ளைகளை வெளியே எடுங்கள் என்றேன். யாராவது ஓடிப்போய் ஆயாவிடம் சொல்லி, பிள்ளைகளை லயத்து வீடுகள் பக்கம் கொண்டுபோகச் சொல்லுங்கள் என்றேன். செயலாளரைப் பார்த்துத்தான் சொன்னேன்.

"சரி சரி அண்ணே," என்றார்.

அவர் கீழே இறங்குகிற குறுக்குப் பாதைப் பக்கம் போனதைப் பார்த்தேன். கொஞ்ச நேரம் காத்திருந்தேன். பிரேக்கை அழுத்தி அழுத்தி முழங்கால் விறைத்தது. பின்னால் மறுபடி செயலாளரின் குரல் கேட்டது. சரி, பிள்ளைகளை எடுத்தாச்சு என்று நினைத்துக்கொண்டேன். லோ கியரில் போட்டு, பின்னால் விட ஆரம்பித்தேன்.

இனித்தான் கூத்து. மச்சான் வலது பக்கம் நின்று "வா, வா" என்றார். செயலாளர் இடது பக்கம் நின்று "சரி, சரி, சரி" என்றார். தலைவர் எனக்கு முன்னால் நின்றுகொண்டு "வெட்டுங்க, வெட்டுங்க" என்றார். எந்தப் பக்கம் வெட்டுவது? அவர் கை ஒரு பக்கம் காட்டியது, தலை ஒரு பக்கம் ஆடியது. பூசாரி "பாத்து, பாத்து". மச்சான் தலைவரைச் சும்மா இருக்கச் சொன்னார். தலைவர் மச்சானிடம் நீ எனக்குச் சொல்லாதே என்றார். நாலு பேர் சத்தமும் மலையில் பட்டுத் திரும்பி எட்டுப் பேர் சத்தமாக வந்தது.

செயலாளர் சரி, சரி என்று சொன்னபோதெல்லாம் வரலாம் என்று அர்த்தம். அதை நம்பி விட்டுக்கொண்டிருந்தேன். பிறகு ஒரு தடவை "சரி!" என்றார். அது போதும், நில்லு என்கிற சரியாம். எனக்கு எப்படித் தெரியும்? ஒரே சொல். நானும் அவரும் அதே சொல்லைத்தான் பிறந்த நாளிலிருந்து பேசுகிறோம். வரலாம் என்பதற்கும் சரி. நில்லு என்பதற்கும் சரி. கேட்டுவிட்டேன் என்பதற்கும் சரி. செய்துவிட்டேன் என்பதற்கும் சரி.

ட்ரெயிலரின் இடது சில்லு கரையைத் தாண்டி இறங்கியது. ஜீப்பின் வால் ஒரு பக்கம் இழுபட்டது. கொளுக்கி முறுகுகிற சத்தம் இருக்கைக்குக் கீழே கேட்டது. பிரேக்கை மிதித்தேன். நின்றது. எவ்வளவு நேரம் நிற்கும் என்று தெரியாது.

அப்போதுதான் நாலு பேரும் இன்னும் சத்தமாகக் கத்தினார்கள். முன்னால் எடு என்றார் ஒருவர். எடுக்காதே என்றார் ஒருவர். உன்னால்தான் என்றார் இன்னொருவர், யாரைச் சொன்னாரோ. தலைவர் என் கண்ணாடிப் பக்கம் வந்து தட்டினார்.

எனக்கு அழுகை வராது. அப்பா செத்தபோதும் வரவில்லை. அன்றைக்கும் வரவில்லை. ஆனால் இதுதான் முடிவு என்று தெரிந்தது. வீட்டில் மனைவி அரிசி களைந்துகொண்டிருப்பாள் என்று நினைத்தேன். நான் பெரிய கும்பிடுகாரன் இல்லை. தேவாரம் தெரியாது. மந்திரம் தெரியாது. ரோதைமுனியை வழியில் பார்த்தும் நிற்காமல் வந்தவன். ஸ்டியரிங்கைப் பிடித்தபடி, வாய்க்குள்ளேயே சொன்னேன்.

"ரோதைமுனி சாமி. நிக்காம வந்ததுக்குக் கோவம்னா தலைவர்கிட்ட வச்சுக்க. எனக்கு ஒன்னும் வேணாம். இவங்க வாய மட்டும் கொஞ்ச நேரம் மூடு."

இவ்வளவுதான் கேட்டேன். காப்பாற்று என்றுகூடக் கேட்கவில்லை. கேட்கத் தோன்றவில்லை.

மூட்டம் வந்தது.

மழைக் காலத்தில் அங்கே பனிமூட்டம் வருவது புதிதில்லை. மெல்ல ஏறி வரும். அன்றைக்கு அப்படி வரவில்லை. பள்ளத்திலிருந்து எழும்பி ஒரே மூச்சில் மூடியது. கண்ணாடியைத் தட்டிக்கொண்டிருந்த தலைவரின் கை தெரிந்தது, ஆள் தெரியவில்லை. பிறகு கையும் தெரியவில்லை. பின் கண்ணாடியில் வெள்ளை. பக்கக் கண்ணாடியில் வெள்ளை. ட்ரெயிலர் இல்லை. ரோடு இல்லை.

சத்தமும் நின்றது. நாலு பேரும் ஒரே நேரத்தில் வாயை மூடினார்கள். கண்ணுக்குத் தெரியாததற்கு வழி சொல்ல ஒருத்தருக்கும் தைரியம் வரவில்லை. எந்தப் பக்கம் வண்டி சரியும் என்று தெரியாமல் தேயிலைச் செடிக்குள் ஏறிக்கொண்டதாகத் தலைவர் பிறகு சொன்னார்.

நான் ரெண்டு பக்க ஜன்னல் கண்ணாடியையும் இறக்கினேன்.

ஜீப் எஞ்சின் மெதுவாக ஓடியது. பின்னால், வலது பக்கம், பீலித் தண்ணீர் கல்லில் விழுகிற சத்தம். இவ்வளவு நேரமும் அது விழுந்துகொண்டுதான் இருந்திருக்கிறது.

பிறகு பின்னால், இடது பக்கம், கீழே ஒரு பிள்ளையின் குரல்.

"ஒன்னு."

இன்னொரு குரல். "ரெண்டு." இன்னொன்று. "மூனு."

பிள்ளைகள் போகவில்லை. அங்கேதான் இருக்கிறார்கள். அந்தக் கூரைக்குக் கீழேதான் இருக்கிறார்கள். ட்ரெயிலர் சில்லு அவர்களுக்கு மேலே தொங்குகிறது.

ஒவ்வொரு எண்ணும் ஒவ்வொரு குரல். சிலது தெளிவு. சிலது கீச்சு. கடைசி எண்ணைச் சொன்ன பிள்ளைக்கு நாக்கு வராது. பாதி எண்ணைத்தான் சொன்னது. அது முடிந்ததும் ஒரு சின்ன இடைவெளி. பிறகு மறுபடி "ஒன்னு".

என் கை தானாக நிதானமானது. எப்படி என்று கேட்டால் சொல்லத் தெரியாது. இடது காதில் பிள்ளைகள். வலது காதில் பீலி. ரோடு இந்த ரெண்டுக்கும் நடுவில்தான் இருக்கிறது. வேறு எதுவும் எனக்குத் தேவையில்லை.

முதலில் முன்னால் எடுக்க வேண்டும். ஒரு முழம் எடுத்தால் போதும், சில்லு ஏறும். அதற்குமேல் போனால் வெடிப்பு. நாலு சில்லும் பிடிக்கிற கியரைப் போட்டுக் காலை எடுத்தும் எடுக்காமலும் விட்டேன். ஜீப் முனகியது. கொளுக்கி இழுத்தது. சில்லு கரையில் உரசி ஏறுவது இருக்கையில் தெரிந்தது. பின்னால் யாரோ ட்ரெயிலர் தகரத்தில் கையால் ஒரு தட்டுத் தட்டினார்கள். மச்சான். மூட்டத்துக்குள் தடவிப் போய்ச் சில்லுக்குக் கீழே கல்லை வைத்திருக்கிறார். ஒரு சொல்லும் பேசவில்லை. கல்யாணம் கட்டின நாளிலிருந்து அவரை எனக்குப் பிடித்தது அன்றைக்குத்தான்.

பிறகு பின்னால் விட்டேன். பிள்ளைகள் எண்ணும்போது விட்டேன். கடைசிக் குரல் பாதி எண்ணைச் சொல்லி நின்றதும் நிறுத்தினேன். அந்த இடைவெளியில் பீலியைக் கேட்டேன். பிள்ளைகள் சத்தம் கிட்ட வந்தால் வால் பள்ளத்துக்குப் போகிறது. ஸ்டியரிங்கை இடது பக்கம் கொஞ்சம் ஒடித்தேன். பீலி கிட்ட வந்தால் வால் மலையில் முட்டப் போகிறது. வலது பக்கம் கொஞ்சம் ஒடித்தேன். ரெண்டும் சமமாகக் கேட்டால் ஒடிக்கவில்லை. வளைவில் வந்ததும் ரெண்டும் எனக்கு நேர் பக்கத்தில் கேட்டது. ஒரு காதுக்கு ஒன்று. மூட்டத்துக்குள் அந்தப் பிள்ளைகள் என் மடியில் உட்கார்ந்து எண்ணுகிற மாதிரி இருந்தது. பிறகு ரெண்டும் முன்னால் போனது. நான் வளைவைத் தாண்டிவிட்டேன்.

ஸ்டோர் முற்றத்தின் சரளைக் கல் சில்லுக்குக் கீழே நொறுங்கியது. அந்தச் சத்தம் கேட்டதும் எஞ்சினை நிறுத்தினேன்.

இறங்கினேன். ஜீப்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மூட்டம் கலைய ஆரம்பித்தது. முதலில் தெரிந்தது சிவப்புத் துணி. பிறகு சூலம். ட்ரெயிலரின் பின் பக்கம் ரோதைமுனிக்கு நேராக நின்றது. ஒரு கை நீட்டினால் தொடலாம். இடிக்கவில்லை.

மேலிருந்து நாலு பேரும் இறங்கி வந்தார்கள். நான் செயலாளரைப் பார்த்தேன். பிள்ளைகளை எடுக்கச் சொன்னேனே, ஏன் எடுக்கவில்லை என்று கேட்டேன். போகிற வழியில் ஸ்பீக்கர்காரனின் போன் வந்துவிட்டதாம்.

"சரின்னுதானே அண்ணே சொன்னேன். போயிட்டேன்னு சொல்லலையே."

நான் அடிக்கவில்லை. கை ஓங்கவுமில்லை. அடிக்கப் போனவர் தலைவர். பூசாரிதான் பிடித்தார். தலைவர் அப்படியே முற்றத்தில் உட்கார்ந்துவிட்டார். துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

நான் பிள்ளைக்காம்பராவுக்கு இறங்கிப் போனேன். ஆயா லெட்சுமி வாசலில் ஒரு கைப்பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள். மேலே நடந்தது எதுவும் அவளுக்குத் தெரியாது. ஏதோ லொறி சத்தம் என்று நினைத்தாளாம். ஏன் பிள்ளைகள் எண்ணிக்கொண்டிருந்தார்கள் என்று கேட்டேன். விசித்திரமாகப் பார்த்தாள்.

"மூட்டம் போட்டா எண்ணச் சொல்வேன் அண்ணே. ஆளுக்கு ஒரு நம்பரு குடுத்திருக்கேன். மூட்டத்துல எந்தப் புள்ள எங்க போகும்னு தெரியாதுல்ல. ஒரு நம்பரு வரலைன்னா ஒரு புள்ள வெளிய போயிருச்சின்னு அர்த்தம். கைப்புள்ளைக்குப் பேச்சு வராது, அதுக்கு நான் சொல்லுவேன்."

எல்லா நம்பரும் வந்ததா என்று கேட்டேன்.

"வராம? மூட்டம் போற வரைக்கும் நிறுத்தலையே."

நடந்ததைச் சொன்னேன். அவள் கைப்பிள்ளையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு மேலே கரையைப் பார்த்தாள். கரையில் சில்லு இறங்கின தடம் தெரிந்தது. பிறகு உள்ளே போய், ஒவ்வொரு பிள்ளையின் தலையிலும் கை வைத்துத் தானே ஒருமுறை எண்ணினாள்.

அந்த வருஷத் திருவிழாவுக்கு ஜெனரேட்டர் கோயிலுக்குப் போகவில்லை. ஸ்டோர் முற்றத்திலேயே நின்றது. ஸ்பீக்கரும் இல்லை. தப்பும் உடுக்கும் மட்டும். மேல் டிவிசன்காரர்கள் கேலி செய்ய வந்தார்கள். வந்தவர்கள் விடியும்வரை இருந்துவிட்டுப் போனார்கள். பூசாரி பாடுவது இத்தனை வருஷத்தில் அன்றைக்குத்தான் காதில் விழுந்தது என்று ஒரு கிழவர் சொன்னார். பூசாரிக்கு நல்ல குரல். யாருக்கும் தெரியாது.

கரகம் பாலித்து முடிந்ததும் தலைவர் ரோதைமுனிக்குத் தேங்காய் உடைத்தார். ட்ரெயிலர் சில்லு ரெண்டுக்கும் எலுமிச்சம்பழம் வைத்தார். யாரும் எதிர்த்துப் பேசவில்லை.

கண்டிக்கு வந்து ஹாஜியாரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ஏச்சு விழும் என்று நினைத்தேன். கொளுக்கியைத் தடவிப் பார்த்தார். ஒரு பக்கம் வளைந்திருந்தது. நான் சாமியிடம் என்ன கேட்டேன் என்று விசாரித்தார். சொன்னேன். சிரித்துவிட்டார். வேண்டுதலை அவர் துஆ என்பார்.

"துஆ நீளமா இருக்கோணும் எண்டு ஒண்டும் இல்ல தம்பி. உன்ட துஆ நல்ல துஆ."

மூட்டம் தானாக வந்தது என்று சிலர் சொல்கிறார்கள். மழைக்காலம், மலை, வரும்தானே என்கிறார்கள். நானும் அந்த மலையைப் பார்த்தவன்தான். வரும். ஆனால் நான் கேட்டது மூட்டம் இல்லை. அமைதி. அதை எப்படிக் கொடுப்பது என்று சாமிக்குத் தெரிந்திருந்தது. அதற்குள்ளே எனக்கு வழியையும் வைத்துக் கொடுத்தார். யாரைக் காப்பாற்ற வேண்டுமோ அவர்கள் குரலையே எனக்குக் கொடுத்தார். நான் கேட்காததைக் கொடுத்தார். ரோதை இரைச்சலுக்குள் எத்தனை பேர் முணுமுணுத்ததைக் கேட்டுப் பழகியவர். ஜீப்புக்குள் நான் முணுமுணுத்தது அவருக்குக் கேட்டதில் என்ன அதிசயம்?

அதற்குப் பிறகு நான் மாறிப்போனேன் என்று மனைவி சொல்கிறாள். முன்னே எதற்கும் சரி என்பேன். இப்போது சரி என்று சொல்வதில்லை. செய்கிறேன் என்பேன், இல்லை என்றால் செய்யமாட்டேன் என்பேன். ட்ரெயிலர் பின்னால் எடுக்கும்போது ஒரே ஒரு ஆள்தான் நிற்கலாம். அந்த ஆளும் ரெண்டு சொல்தான் சொல்லலாம். வா. நில். வேறு வாய் திறந்தால் எஞ்சினை நிறுத்திவிட்டு இறங்கிவிடுவேன். ஹாஜியாரின் ஆட்களுக்கு இது தெரியும். புசல்லாவை போனாலும் தெல்தெனிய போனாலும், புறப்படும்போது கண்ணாடியை இறக்கி, ஒரு நிமிஷம் சும்மா உட்கார்ந்திருப்பேன். அதுதான் என் பூசை. வருஷம் ஒரு தடவை மச்சானோடு ஸ்டோருக்குப் போய்ச் சிவப்புத் துணி மாற்றுகிறேன். செயலாளரும் வருவார். போனை வீட்டில் வைத்துவிட்டு வருவார்.

இதைப் படிக்கிறவர்களுக்கும் ஒருநாள் ரோடு இல்லாமல் போகும். பின்னாலும் போக முடியாது என்று தோன்றும். சுற்றி நாலு பேர் நின்று கத்துவார்கள். அப்போது நீளமாகக் கும்பிட வேண்டாம். உங்கள் சாமி யாரோ அவரிடம், வாயில் வருகிற ஒரு வார்த்தையைக் கேளுங்கள். கேட்டுவிட்டு நீங்களும் வாயை மூடிக்கொண்டு காது கொடுங்கள். எனக்குக் கேட்டது. உங்களுக்கும் கேட்கும்.

கீழே எத்தனை பிள்ளைகள் என்று கடைசியில் சொல்கிறேன் என்றேன். ஆயா எண்ணி முடித்ததும் நானும் ஒருமுறை எண்ணினேன்.

பத்தொன்பது.